துணி எடுத்தாச்சா

வருஷத்தில் ஒருதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்துச் சொந்தத்தைப்போல மழை பெய்கிற தூத்துக்குடியில், சங்குக் குடோன் தெருவில், மாவு மில் நடத்திவந்த சுயம்புலிங்கத்தின் மனைவி அன்னக்கனி, வானம் வெளுத்துக் கிடந்த ஒரு சித்திரை மத்தியானத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மழ வருது, துணிய எடுத்துட்டியளா?" என்று கேட்டாள், "எடுத்தாச்சு" என்று அவர் சொன்னார், சொன்ன வாயை மூடுவதற்குள் அவள் தலைக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, சொட்டு நீலத்தின் நிறத்தில் ஓர் உருவம் வந்து நின்றது.

அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வேட்டிக்குப் போடுகிற நீலத்தை எடுத்து இவள் எங்கேயாவது தெளித்துவிட்டாளோ என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். நீலம் துணியில் ஒட்டவில்லை, சுவரை விட்டும் போகவில்லை. பார்க்கவும் அது அப்படியொன்றும் லட்சணமாக இல்லை. வளைந்த ஒரு கோடு, அதன் வயிற்றில் இரண்டு புள்ளி, தலைமாட்டில் பாதி இதழ், எங்கேயோ போகக் கிளம்பி நடுவழியில் வெட்டுப்பட்டுப் போன ஒரு வால். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, மிளகாய் அரைக்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று மில்லுக்குப் போய்விட்டார். மில் வீட்டுக்கு முன்பக்கத்திலேயே இருந்தது.

அன்னக்கனிக்கு அந்த வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுவரில் இருந்து காரை உதிர்வதுபோல அவள் மனசிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தது. ஊர் உதிர்ந்தது, கிழமைகள் உதிர்ந்தன, மகள் பொன்செல்வியின் கல்யாணம் உதிர்ந்தது, மகளே உதிர்ந்தாள், கடைசியில் சுயம்புலிங்கம் என்கிற பேரும் உதிர்ந்து அவர் வெறும் 'நீங்க' ஆனார். ஆனால் எல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த ஒரு கேள்வி மட்டும் ஆணி அடித்தமாதிரி நின்றது. விடிந்தால் கேட்பாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பாள், குளிப்பாட்டும்போது தலையில் விழுகிற தண்ணீருக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டு கேட்பாள். முதலில் அவர், "மழையே இல்லயே தாயி, நல்லா வெளிய பாரு" என்று விளக்கிச் சொன்னார். பிறகு சத்தம் போட்டார். பிறகு காது கேட்காதவர்போல இருந்து பார்த்தார். பக்கத்து வீட்டு லூர்தம்மாள், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டதற்கு மறுநாள்தான், அந்தச் சித்திரை மத்தியானத்தில், அவர் முதன்முதலாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படிச் சொன்னார்.

அடுத்த தடவை அவள் கேட்டு அவர் சொன்னதும் முதல் உருவத்துக்குப் பக்கத்தில் அதேபோல் இன்னொன்று வந்தது. இதன் வெட்டுப்பட்ட வால் அதன் பாதி இதழில் போய்ச் சேர்ந்தது. பிறகு மேலே ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. நாலும் கூடிய இடத்தில், எந்த ஒன்றிலும் இல்லாத ஒரு பூ, யாரும் வரையாத ஒரு பூ, நாலு பக்கமும் இதழ் விரித்து நடுவில் உட்கார்ந்திருந்தது. சுயம்புலிங்கம் தலையில் மாவோடு அதன் முன்னால் நின்றார். தனியாக ஒன்றைப் பார்த்தால் கோணல், நாலைச் சேர்த்துப் பார்த்தால் பூ என்றால் இந்தப் பூ எதற்குள் இருந்தது என்று யோசித்து யோசித்து, மில்லில் போட்ட கோதுமையை மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கத் தொடங்கினார். அவள் கேட்பாள், அவர் சொல்வார், உருவம் வரும். அவள் கேட்பாள், அவர் சொல்வார், உருவம் வரும். நீலக் கோடு நீலக் கோட்டைத் தேடிப் போய்த் தொடும், பூவுக்குப் பக்கத்தில் பூ திறக்கும், பூக்களுக்கு நடுவே விட்டுப்போன வெள்ளை இடமும் ஒரே அச்சில் வார்த்த நட்சத்திரமாக வரிசையில் நிற்கும், அந்த வரிசையில் கண்ணை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு அறையின் மூலைவரைக்கும் போய்த் திரும்பி வரும், அப்படிப் போய் வருவதற்குள் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் உடம்பு அசதியில், "சும்மா கெடயேன்" என்று அவளை அதட்டிவிட்டார். உருவம் வரவில்லை. சுவரில் இரண்டு இதழோடு நின்றுபோன ஒரு பூ அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மில்லுக்குப் போனவர், பெல்ட்டைக்கூட மாட்டாமல் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மறுபடியும் கேட்கிறவரைக்கும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை நிறைந்து அடுப்படி நிறைந்து டிசைன் மில்லுக்குள் வந்தபோது தெருவுக்குத் தெரிந்தது. மாவு அரைக்க வந்த பெண்கள் தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கருவாட்டு வியாபாரம் செய்கிற மைதீன் பாத்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "எங்க தர்காவுல கூட இப்டித்தான் பூவா ஓடும், பாத்துக்கிட்டே இருந்தா துவா தானா வரும்" என்றாள். அம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்து இது தாமரை என்றார். சர்ச்சில் ஊழியம் செய்கிற கோயில்பிள்ளை உபதேசியார் வந்து, உற்றுப் பார்த்தால் வெள்ளை இடத்தில் சிலுவை தெரிகிறது என்றார். இரண்டு பேரும் கொஞ்சநேரம் வாக்குவாதம் பண்ணிவிட்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைச்சல்தான். எதுவரை போகும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அன்னக்கனி வாசலுக்கு வந்து உட்காரப் பழகியதும் அது தெருவில் இறங்கியது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவள் கேட்டாள். "மழ வருது, துணிய எடுத்துட்டியளா?" சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர், "எடுத்தாச்சு மதினி" என்று மணியடித்துக்கொண்டே போவார், அவர் வீட்டுச் சுவரில் உருவம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள், "எடுத்தாச்சு ஆச்சி" என்று கோரஸாகச் சொல்வார்கள், வரிசையாக அவரவர் வீட்டு மதிலில் வரும். இப்படியே வீட்டை வீடு தொட்டு, தெருவைத் தெரு தொட்டு, பொன்னகரம் தாண்டி, உப்பு லாரிகள் போகிற ரோடுவரைக்கும் அந்த நீலம் போனது.

ஊர் அதைத் தண்ணீர்க்குழாயைப்போல, கரண்டுக் கம்பத்தைப்போல ஏற்றுக்கொண்டது. தையல்காரர் ஜாக்கெட் கையில் அதைப் போட்டுக் கொடுத்தார். வயர் கூடை பின்னுகிற பெண்கள் நீலமும் வெள்ளையும் வாங்கி அதைப் பின்னினார்கள். மாடியில் தனியாகக் கிடந்து ஒற்றைத் தலைவலியில் சுருளுகிற லூர்தம்மாள், தன் வீட்டுச் சுவரில் ஒரு பூவில் விரலை வைத்து அடுத்த பூவுக்கு இழுத்து, அதிலிருந்து அடுத்ததற்கு இழுத்து, கூடம் முடிவதற்குள் வலி இறங்கிவிடுவதாகச் சொன்னாள். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் சுவரோரமாக நடந்தார்கள், பிள்ளைகள் பூவை எண்ணுவதுபோலக் கண்ணை ஓட்டி ஓட்டித் தூங்கின. அதுவரை யாரும் கவனிக்காததையெல்லாம் ஜனங்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள்; ஜன்னல் கிராதியை, கடையில் அட்டையில் அடுக்கின முட்டைகளை, கல்லில் வரிசையாகத் தட்டின புரோட்டாவை, சல்லடைக் கண்ணை, ஊருக்கு வெளியே பாத்தி பாத்தியாக வானத்தைத் துண்டு போட்டு வைத்திருக்கிற உப்பளத்தை. எங்கிருந்தோ ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய் அச்சடித்துப் பார்த்தார். அச்சில் வந்த உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மயிரிழை சேராமல் நின்றன. அவர் மூன்று நாள் விடுதியில் தங்கி அலுத்துப்போய், கடைசியில் அன்னக்கனியிடம் வந்து, "எடுத்தாச்சும்மா" என்று தானும் ஒருதரம் சொல்லிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்து, தன் வீட்டுப் படியில் ஒன்று வந்திருப்பதாகப் போன் பண்ணினார்.

சாப்ட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்த தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "துணி எடுத்தாச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "எடுத்தாச்சு, நீங்க?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள்கூட அதைக் கேட்டுக்கொண்டார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும்.

அந்த மார்கழியில் சுயம்புலிங்கத்துக்குக் கையில் அடிபட்டது. கட்டிலை விட்டு அவள் இறங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பியவரின் முழங்கைச் சதையை மில் பெல்ட் இழுத்துக் கிழித்துவிட்டது. விஷயம் கேட்டு, கோயம்புத்தூரில் பாங்கில் வேலை பார்க்கிற பொன்செல்வி கிளம்பி வந்தாள். தெருமுனையில் இறங்கி, இரண்டு பக்கமும் நீலம் ஓடுகிற மதில்களுக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள், அப்பாவின் கையில் போட்டிருந்த கட்டையும், கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்குகிற சதையையும் பார்த்தாள். பிறகு அம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் யாரு?"

"மழ வருது. துணிய எடுத்துட்டியளா?"

"மழ இல்லம்மா. துணியே காயப் போடல. இப்பதான கேட்ட? நான் யாருன்னு சொல்லு."

அன்னக்கனி மகளின் முகத்தை, கடைக்கு வந்த இடத்தில் யாரோ பேச்சுக் கொடுத்தால் பார்க்கிறமாதிரி மரியாதையாகப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் வரவில்லை. பொன்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் நின்று அழுதாள்.

சாயங்காலம் தெருப் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பதில் சொல்வதை அவள் பார்த்தாள். ஆள் போனதும் அப்பாவிடம் கேட்டாள்.

"ஊரே ஒக்காந்து அம்மாவோட நோய வேடிக்க பாக்குது. நீங்க காப்பி போட்டுக் குடுக்கிய."

"வேடிக்க இல்ல பொன்னு. பதில் சொல்லுதாவ."

"பொய் சொல்லுதாவப்பா. நீங்களும் பொய் சொல்லுதிய. எடுத்தாச்சு எடுத்தாச்சுங்கிய, இந்த ஊர்ல ஒருத்தராவது ஒரு துணிய எடுத்தாவளா?"

சுயம்புலிங்கம் சுவரைப் பார்த்தார். அவள் சொன்னது நிசம். இவ்வளவு பெரிய டிசைனில் ஒரு கைக்குட்டைகூடக் கொடியிலிருந்து இறங்கவில்லை.

"ஒங்க கையப் பாருங்க. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா அம்மாவ யாரு பாப்பா, இந்தச் சொவரா? எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல காப்பகம் ஒண்ணு இருக்கு. நர்ஸ் இருக்காங்க. டெய்லி நான் போய்ப் பாத்துக்கிடுவேன். நீங்களும் வந்து எங்கூட இருங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். ஆட்டியபோது, இனிமேல் ஒரு முழு ராத்திரி தூங்கலாம் என்கிற நினைப்பு ஒன்று, கூப்பிடாமலே வந்து உள்ளே இனித்தது. அதற்காக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. வெளியே போய் மில் ஷட்டரை இறக்கிவிட்டு, பூட்டை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் தெருமுனையில் கார் நின்றது. வழியனுப்ப ஜனம் வந்துவிட்டது. மைதீன் பாத்து வழிக்குச் சாப்பிட இடியாப்பம் கொண்டுவந்தாள், லூர்தம்மாள் அன்னக்கனிக்குத் தலைவாரிவிட்டு, சீப்பை வைக்க உள்ளே போனாள். பொன்செல்வி மாத்திரைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் மோட்டார் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று பார்க்கப் போனார். ஒருத்தர் பார்த்துக்கொள்வார் என்று ஒருத்தர் நினைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அன்னக்கனி நாற்காலியிலிருந்து எழுந்து போய்விட்டாள்.

கிணற்றடியில் இல்லை, மொட்டைமாடியில் இல்லை, மாதா சிலை வைத்த கெபியில் இல்லை. சுயம்புலிங்கம் அடுத்த தெருவுக்கு ஓடினார். அந்தத் தெரு தன் தெருவைப் போலவே இருந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே இருந்தது. அதே நீலம், அதே பூ, அதே வெள்ளை நட்சத்திரம், மதிலுக்கு மதில், வாசலுக்கு வாசல். நாலு முக்கில் நின்று அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல நினைவு இருக்கிற தனக்கே எது தன் தெரு என்று ஒரு கணம் தடுமாறுகிறது, அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே சுவரை ஊர் முழுக்க ஒட்டிவிட்டு வீட்டைக் கண்டுபிடி என்றால் எதைப் பிடித்துக்கொண்டு வருவாள்? ரயில் தண்டவாளம் இருக்கிறது, லாரி ரோடு இருக்கிறது, கடல் இருக்கிறது. இத்தனை நாள் இதைப் பார்த்துத்தானே சந்தோஷப்பட்டோம்?

"அப்பா, வாங்க, கேட்டுக்கிட்டே போவோம்" என்று பொன்செல்வி அவர் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் வீட்டில் கேட்டார்கள். "வந்தாவளே. நேரா உள்ள வந்து கட்டில்ல ஒக்காந்தாவ. ரெண்டு இட்லி குடுத்தேன். இந்தப் பக்கமா போனாவ, நீங்க பொறத்தால வாரியன்னுல்லா நெனச்சேன்." நாலு வீடு தள்ளிக் கேட்டார்கள். "இப்ப இங்கதான் இருந்தாவ, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கிட்டு. நான் பால் காய்ச்சிட்டு வாரதுக்குள்ள எந்திச்சிட்டாவ." பிறகு ஒரு வீட்டில் மோர் குடித்திருந்தாள், ஒரு வீட்டில் பூத் தொடுத்திருந்தாள், ஒரு வீட்டில் டி.வி.க்கு முன்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருந்தாள். எந்த வாசலில் நுழைந்தாலும் அவள் தன் வீட்டுக்குள்தான் நுழைந்திருந்தாள். எந்த வீட்டிலும் அவளை யார் என்று கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்தின் கால் மெல்ல நடைக்கு வந்தது. பொன்செல்வி ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "என்ன பேசுனாங்க?" என்று கேட்டாள். துணியைப் பற்றித்தான் என்றார்கள்.

ஊர் முடிகிற இடத்தில் வீடுகள் முடிந்தன. டிசைனும் அங்கேதான் முந்தின நாள்வரைக்கும் நின்றிருந்தது. ஆனால் இப்போது அதற்கு அப்பால், பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்கடைத் தகரத்தில் உருவம் ஒன்று இருந்தது. சுயம்புலிங்கம் தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் வந்ததுபோல ஈரமாக இருந்தது. ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இன்னொன்று. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் திரும்பாமலே, "எடுத்தாச்சுன்னு சொன்னேன், சந்தோஷமாப் போறாவ" என்று உப்பளத்துப் பக்கம் கையைக் காட்டினான்.

வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் தகரத்தால் அடித்த நீளமான கொட்டகைகள் இருந்தன. துறைமுகத்தில் புதிதாக ஒரு தளம் கட்டுகிற வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் குடும்பங்களோடு அதில் தங்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் தெருக்காரர் யாரும் போனதில்லை. கொட்டகைத் தகரத்தில், பொட்டல் வெளியைப் பார்த்துக்கொண்டு, ஐந்தாறு உருவங்கள் நீலமாக மின்னின. அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டிலில் அன்னக்கனி உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி போட்ட ஒரு இளம்பெண் அவள் காலில் குத்தியிருந்த முள்ளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அன்னக்கனி அவளிடம் கேட்டாள், அந்தப் பெண் அர்த்தம் தெரியாமலே நிமிர்ந்து, "ஹான் மா, ஹான்" என்று தன் பாஷையில் ஆமாம் போட்டுவிட்டு மறுபடியும் முள்ளில் கண்ணை வைத்தாள். தகரத்தில் ஒன்று கூடியது. அந்தப் பெண்ணின் பேர் சபிதா என்று பிறகு தெரிந்தது.

பொன்செல்வி ஓடிப்போய் அம்மாவின் முன்னால் மணலில் மண்டியிட்டாள். மூச்சு வாங்கியது. அன்னக்கனி குனிந்து அவள் முகத்தை, இதுவரை பார்க்காத முகத்தை, இரக்கத்தோடு பார்த்து, "மழ வருது, துணிய எடுத்துட்டியளா?" என்றாள்.

மழையே இல்லை என்று சொல்லத்தான் பொன்செல்வி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் பார்த்தாள். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே, முளைக்கும் முளைக்கும் நடுவே, கொடிகொடியாகக் கயிறு கட்டியிருந்தது. வேலைக்குப் போனவர்களின் சட்டைகளும் கைலிகளும், பிள்ளைகளின் கவுன்களும், பெரிய பெரிய போர்வைகளும், கடல்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டுகிறவரைக்கும் காய்ந்துகொண்டிருந்தன.

"இல்லம்மா" என்றாள் பொன்செல்வி. "இன்னும் எடுக்கல. வா, எடுப்போம்."

இத்தனை நாளில் அந்தப் பதிலை யாரும் அன்னக்கனிக்குச் சொன்னதில்லை. அவள் கொடிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பமே சொல்லியிருக்கலாம்லா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

தங்கள் துணியை ஒரு வயதான அம்மாள், பளிச்சென்று வெயில் அடிக்கும்போது, அவசர அவசரமாகக் கொடியிலிருந்து உருவுவதைக் கொட்டகைப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சபிதா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டித் துணிகளை வாங்கிக்கொண்டாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். கயிறு காலியாகிக் காலியாகி ஆடியது.

பெரிய போர்வையை மட்டும் அன்னக்கனி யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு இரண்டு மூலையைப் பொன்செல்வி பக்கம் வீசினாள். இருவரும் இழுத்து விறைப்பாக்கினார்கள், கிட்டே வந்தார்கள், தாயின் கை மகளின் கையில் மூலைகளை வைத்தது, குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள், இழுத்தார்கள், மறுபடியும் கிட்டே வந்தார்கள், மறுபடியும் கை கையைத் தொட்டது. அந்தப் போர்வை முடிந்து அடுத்த போர்வை, அது முடிந்து அடுத்தது. போவதும் வருவதும், போவதும் வருவதும், விரலோடு விரல் சேருவதும் விலகுவதுமாக இருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ போர்வையில் கிட்டே வந்தபோது அன்னக்கனி மகளின் புறங்கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"மூலையச் சேத்துப் பிடி, பொன்னு. எப்பவும் ஒனக்கு ஒரு பக்கம் தொங்கும்."

பொன்செல்வி மூலையைச் சேர்த்துப் பிடித்தாள். இழுத்து விறைப்பாக்கி, அடுத்த மடிப்புக்குக் கிட்டே போனாள்.

சுயம்புலிங்கம் தகரத்தின் பக்கம் திரும்பினார். கடைசி உருவத்தை ஒட்டி, இதுவரை வராத ஒன்று வந்துகொண்டிருந்தது. நேராக ஒரு நீலக்கோடு, ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள். சேலைக்குக் கரை ஓடுவதுபோல அது தகரத்தின் ஓரத்தில் ஓடியது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊரின் எல்லா ஓரங்களிலும், டிசைன் எங்கெங்கே நின்றிருந்ததோ அங்கெல்லாம், அந்தக் கரை வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு உருவம்கூடக் கூடவில்லை. கார் வெறுமனே திரும்பிப் போனது. பொன்செல்வி லீவைக் கூட்டிப் போட்டுவிட்டு இருந்தாள். மில்லுக்கு ஆள் வைத்துக் கொடுத்து, அம்மாவுக்குத் தெருப்பெண்கள் முறை வைத்துக்கொள்ள ஏற்பாடு பண்ணி, பிறகுதான் ஊர் போனாள். மகளின் பேர் அன்னக்கனிக்குச் சில நாள் இருந்தது, பல நாள் இல்லை. மழை என்று அவள் மறுபடியும் கேட்கவில்லை. மத்தியானமானால் யாராவது ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு வீட்டு மாடிக்கு ஏறி, காய்ந்ததும் காயாததுமாக எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்துவிட்டு இறங்குவாள். ஈரத்துணியை மறுபடியும் விரித்துப் போடுகிற வேலை அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு மிச்சமாகும். மைதீன் பாத்து மட்டும் வாய்விட்டு முணுமுணுப்பாள்.

அதெல்லாம் பிறகு. அப்போது உப்பளத்து வெயிலில் இன்னும் இரண்டு கொடி பாக்கி இருந்தது. காற்றில் கைலிகள் படபடத்துக்கொண்டிருந்தன. மடித்த போர்வைகள் கட்டிலில் ஓரம் ஓரத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வந்தன. கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு நின்ற சுயம்புலிங்கத்தை அன்னக்கனி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க என்ன, வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிய? அந்தக் கொடியில கெடக்கத எடுங்க."

அவர் போனார். ஒரு கையால் கைலியை உருவித் தோளில் போட்டார், அடுத்ததை உருவினார். யாருடையது என்று தெரியாத அந்தத் துணிகள் வெயிலில் சூடேறி, தோளில் கதகதவென்று இருந்தன.